கைத்தொழில் பாடம்: மழலைக்கு ஒரு கடல் போர்வை

செயின், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள் ஆகிய நான்கு அடிப்படைக் குரோஷா தையல்களையும் அறிந்தவர்களுக்கான பாடம் இது. தொப்பியும் மேசை விரிப்பும் பின்னிப் பழகிய கைகள் நம்மில் பல. அந்தக் கைகளால் இந்த முறை ஒரு முழுப் பொருளைச் செய்து முடிப்போம்: பிறந்த குழந்தைக்கான போர்வை. வெறும் கோடு போட்ட போர்வையாக இல்லாமல், ஒரு காட்சியையே அதில் பின்னுவோம். கீழே மணல், அதற்கு மேல் அலை, அலைமேல் ஐந்து பாய்மரப் படகுகள், அவற்றுக்கு மேல் விண்மீன் பூத்த இரவு வானம். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை.

ஆனால் ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். துணிக்கு இரண்டு பக்கம் உண்டு. படம் தெரிவதை நல்ல பக்கம் என்கிறோம். முடிச்சும் நூல் முனையும் மறைந்திருப்பதை உள்பக்கம் என்கிறோம். சில தையற்காரர்கள் அதைக் கெட்ட பக்கம் என்றே சொல்வார்கள். மேசை விரிப்பில் அந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. குழந்தைப் போர்வையில் அதுதான் குழந்தையின் உடம்பைத் தொடுகிறது. நாம் பார்ப்பது நல்ல பக்கம், பிள்ளை அனுபவிப்பது உள்பக்கம். எந்த இடத்தில் நிறத்தை மாற்றுவது, எந்த இடத்தில் மாற்றாமல் தையலின் புடைப்பைக் கொண்டே படத்தைக் காட்டுவது என்பதையெல்லாம் அந்த உள்பக்கத்தை வைத்துத்தான் இந்தப் பாடத்தில் முடிவு செய்யப் போகிறோம்.

உள்பக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நிறம் மாற்றிப் பின்னும்போது, பயன்படாத நூலைப் பின்னால் தொங்கவிட்டுத் தேவைப்படும் இடத்தில் மீண்டும் இழுத்துக்கொள்வது எளிதான வழி. அப்படிச் செய்தால் உள்பக்கத்தில் நீளநீளமாக நூல் வளையங்கள் நிற்கும். பெரியவர்களின் சால்வையில் அது ஒரு மோதிரத்தில் மாட்டும், அவ்வளவுதான். கைக்குழந்தையின் விரல் அதற்குள் நுழைந்துவிட்டால் தானாக எடுத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. முடியோ நூலோ பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் சிவந்து வீங்கும். இது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஆபத்து. காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால், சட்டையையும் காலுறையையும் கழற்றிக் கை கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நூல் சுற்றியிருந்து உடனே எடுக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே நம் போர்வையில் உள்பக்கம் தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்காது. பெரிய துளைகள் விழும் பூ வேலைப்பாட்டையும் தவிர்த்திருக்கிறோம். பொத்தான், மணி, குஞ்சம், ஒட்டுப் பூ எதுவும் வேண்டாம். அவை பிய்ந்தால் நேரே வாய்க்குள்தான் போகும்.

நூலும் ஊசியும்

கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் தருவார்கள். அது மென்மையானது, விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூலே பொருத்தம். 8 ப்ளை பருத்தி நூலும் 4 மி.மீ. குரோஷா ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்கள் ஐந்து: சந்தனம், வெளிர் நீலம், அடர் நீலம், பழுப்பு, வெள்ளை.

அடர் நீலமும் பழுப்பும் சாயம் விடுகின்றனவா என்று முதலிலேயே சோதிக்க வேண்டும். ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் மடித்து அழுத்தி, அப்படியே காயவிடுங்கள். துணியில் கறை விழுந்தால் அந்த நூல் குழந்தைப் போர்வைக்கு ஆகாது. பின்னி முடித்த பிறகு வெள்ளைப் பாயில் நீலம் இறங்கினால் சரிசெய்ய வழியில்லை.

எவ்வளவு நூல் வாங்குவது என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டாம். நாமே கணக்கிடலாம். 24 கண்ணி, 24 வரிசை கொண்ட ஒரு மாதிரித் துண்டைச் சிங்கிள் தையலில் பின்னுங்கள். அதன் நடுவே 10 செ.மீ. அளந்தால் அகலத்தில் 17 கண்ணியும் உயரத்தில் 20 வரிசையும் வர வேண்டும். 17-ஐ விட அதிகம் வந்தால் உங்கள் கை இறுக்கம், 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். குறைவாக வந்தால் கை தளர்வு, 3.5 மி.மீ. ஊசி எடுங்கள். பிறகு 17 கண்ணி, 20 வரிசை மட்டும் கொண்ட இன்னொரு துண்டைப் பின்னிச் சமையலறைத் தராசில் நிறுங்கள். அதுதான் 10 செ.மீ. சதுரத்தின் எடை. 75 செ.மீ. சதுரப் போர்வையில் இப்படிப்பட்ட சதுரங்கள் ஏறத்தாழ 56 அடங்கும். துண்டு 7 கிராம் இருந்தால் 56 × 7 = 392 கிராம். குமிழ், ஓரம், வெட்டி எறியும் முனை ஆகியவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 430 கிராம். ஒரே நிறத்தைத் தனித்தனியாக வாங்கினால் சாயம் சற்று வேறுபடலாம். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் தேவைக்கு ஒரே முறையில் வாங்கிவிடுங்கள்.

பெயர் குழப்பம்

புத்தகம் பார்த்துப் பின்னுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசியை நுழைத்து நூலை இழுத்து, பிறகு இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் எடுக்கும் தையலை அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிறார்கள். அதே தையல் பிரிட்டிஷ் புத்தகத்தில் டபுள். அமெரிக்க டபுள் அவர்களுக்கு ட்ரெபிள். இந்தப் பாடத்தில் எல்லாப் பெயர்களும் அமெரிக்க முறைப்படியே உள்ளன.

முதல் பகுதி: மணல்

சந்தன நிற நூலில் 122 செயின் போடுங்கள். செயினைத் தளர்வாகப் போட வேண்டும். இல்லையெனில் போர்வையின் அடி சுருங்கிவிடும். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி ஒரு சிங்கிள், ஒரு டபுள் என மாற்றி மாற்றிப் பின்னுங்கள். மொத்தம் 121 கண்ணி வரும். முதலும் கடைசியும் சிங்கிளாக இருக்கும். இது நல்ல பக்க வரிசை.

திரும்பி 2 செயின் போட்டு, சிங்கிளின் மேல் டபுள், டபுளின் மேல் சிங்கிள் பின்னுங்கள். இந்த வரிசை டபுளில் தொடங்கி டபுளில் முடியும். அடுத்த வரிசையை 1 செயின் போட்டுச் சிங்கிளில் தொடங்குங்கள். வரிசைத் தொடக்கத்தில் போடும் செயினை எங்கும் கண்ணியாக எண்ண வேண்டாம். இப்படி 20 வரிசை பின்னினால் ஏறத்தாழ 16 செ.மீ. உயரம் வரும்.

குட்டையும் நெட்டையும் மாறி மாறி வருவதால் துணி முழுக்கச் சிறுசிறு பருக்கள் எழும். ஈர மணலைத் தொடுவது போல இருக்கும். ஒரே நிறம்தான், இருந்தாலும் மணல் என்று கை சொல்லிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, துளையே விழாது. அதனால்தான் இந்தத் தையலை முதலில் வைத்தோம்.

இரண்டாம் பகுதி: அலை

அலைக்கு நிறமும் வேண்டும், வளைவும் வேண்டும். வளைவைத் தருவது தையலின் உயரம். சிங்கிள் குட்டை, ஹாஃப் டபுள் நடுத்தரம், டபுள் நெட்டை. அவற்றை வரிசையாக ஏற்றி இறக்கினால் அலை எழும்.

வெளிர் நீலத்தில் முதல் வரிசை: 2 சிங்கிள், 2 ஹாஃப் டபுள், 5 டபுள், 2 ஹாஃப் டபுள். பிறகு 3 சிங்கிள், 2 ஹாஃப் டபுள், 5 டபுள், 2 ஹாஃப் டபுள் என்பதை 9 முறை. கடைசியில் 2 சிங்கிள். மொத்தம் 121. திரும்பி அதே நிறத்தில் முழுக்கச் சிங்கிள் ஒரு வரிசை.

அடர் நீலத்தில் அடுத்த வரிசை: பள்ளத்தில் நெட்டை, மேட்டில் குட்டை. 3 டபுள், 2 ஹாஃப் டபுள், 3 சிங்கிள், 2 ஹாஃப் டபுள். பிறகு 5 டபுள், 2 ஹாஃப் டபுள், 3 சிங்கிள், 2 ஹாஃப் டபுள் என்பதை 9 முறை. கடைசியில் 3 டபுள். இதுவும் 121. திரும்பி முழுக்கச் சிங்கிள் ஒரு வரிசை. இப்போது வளைவு நிரம்பி மேல்விளிம்பு மீண்டும் நேராகிவிடும்.

டபுளில் தொடங்கும் வரிசைக்கு 2 செயின், சிங்கிளில் தொடங்கும் வரிசைக்கு 1 செயின் என்பது இங்கும் பொருந்தும். இந்த நான்கு வரிசையை 7 முறை செய்தால் 28 வரிசை, ஏறத்தாழ 20 செ.மீ. மணலை ஒட்டி வெளிர் நீல நுரை இருக்கும். கடைசியில் அடர் நீலக் கடல் நிற்கும்.

உள்பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிறமும் இரண்டு வரிசை ஓடுவதால் நூல் எப்போதும் தொடங்கிய ஓரத்துக்கே திரும்பி வருகிறது. வெட்ட வேண்டாம். ஓரத்திலேயே தளர்வாக மேலே ஏற்றிக்கொள்ளலாம். கடைசியில் போடும் ஓரத் தையல் அதை மூடிவிடும். துணியின் குறுக்கே ஒரு நூலும் ஓடாது. நிறம் மாற்ற இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

மூன்றாம் பகுதி: படகு

இந்தப் பாடத்தில் கவனம் கூடுதலாக வேண்டிய இடம் இதுதான். பின்னணி வெளிர் நீலம், படகின் உடல் பழுப்பு, பாய் வெள்ளை. எல்லாம் சிங்கிள் தையல். கீழே மூன்று எண்கள் கொடுத்துள்ளோம். முதல் எண் இரு ஓரங்களிலும் வரும் நீலக் கண்ணிகள். இரண்டாவது, ஒவ்வொரு படகுக்கும் உரியது. மூன்றாவது, இரண்டு படகுகளுக்கு நடுவே வரும் நீலம்.

வரிசை 1: ஓரம் 10, பழுப்பு 9, இடைவெளி 14
வரிசை 2: ஓரம் 9, பழுப்பு 11, இடைவெளி 12
வரிசை 3: ஓரம் 8, பழுப்பு 13, இடைவெளி 10
வரிசை 4: ஓரம் 7, பழுப்பு 15, இடைவெளி 8
வரிசை 5: ஓரம் 9, வெள்ளை 11, இடைவெளி 12
வரிசை 6: ஓரம் 10, வெள்ளை 9, இடைவெளி 14
வரிசை 7: ஓரம் 11, வெள்ளை 7, இடைவெளி 16
வரிசை 8: ஓரம் 12, வெள்ளை 5, இடைவெளி 18
வரிசை 9: ஓரம் 13, வெள்ளை 3, இடைவெளி 20
வரிசை 10: ஓரம் 14, வெள்ளை 1, இடைவெளி 22

படகுகள் ஐந்து, இடைவெளிகள் நான்கு, ஓரங்கள் இரண்டு. எந்த வரிசையைக் கூட்டினாலும் 121 வர வேண்டும். படம் இருபுறமும் சமமாக இருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து பின்னினாலும் எண்ணிக்கை மாறாது. படகு முடிந்ததும் வெளிர் நீலத்தில் 14 வரிசை வெறும் சிங்கிள். இந்தப் பகுதி மொத்தம் 24 வரிசை, 12 செ.மீ.

இனி நிறம் மாற்றும் முறை. புதிய நிறம் தொடங்கும் கண்ணியில் மாற்றக் கூடாது. அதற்கு முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பிலேயே புதிய நூலை எடுக்க வேண்டும். ஊசியில் இரண்டு வளையம் இருக்கும்போது பழைய நூலை விட்டுப் புதிய நூலால் அவற்றை இழுத்து முடியுங்கள். அப்போதுதான் படகின் விளிம்பு தெளிவாக நிற்கும்.

ஒரே பழுப்பு உருண்டையை வரிசை முழுக்க இழுத்துச் செல்ல வேண்டாம். இடைவெளி 8 கண்ணியிலிருந்து 22 கண்ணி வரை இருக்கிறது. அதாவது ஏறத்தாழ 5 செ.மீ. முதல் 13 செ.மீ. வரை. பின்னால் தொங்கவிட்டால் அவ்வளவு நீள வளையம் நிற்கும். நாம் அஞ்சிய ஆபத்து அதுதான். சரி, நீலக் கண்ணிகளுக்குள் பொதிந்து கொண்டுசெல்லலாமே என்றால், வெளிர் நிறத்துக்குள் பழுப்பு நிழலாகத் தெரியும், துணியும் தடித்துப்போகும். எனவே ஒவ்வொரு படகுக்கும் தனி நூல்: பழுப்பு 3 மீட்டர், வெள்ளை இரண்டரை மீட்டர் வெட்டி, சிறு அட்டைத் துண்டுகளில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு படகு முடிந்ததும் அதன் நூலை உள்பக்கமாக அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது அது அதே இடத்தில் காத்திருக்கும். முந்தைய வரிசையைவிட ஒரு கண்ணி முன்பின் தொடங்க நேர்ந்தால், அந்த ஒரு கண்ணிக்குள் நூலைப் பொதிந்துகொள்ளுங்கள்.

நீல நூல் மட்டும் ஒன்றே. படகைக் கடக்கும்போது அதை முந்தைய வரிசையின் தலையில் படுக்கவைத்து, படகின் கண்ணிகளை அதன் மேலேயே பின்னுங்கள். நூல் கண்ணிகளுக்குள் பொதிந்துவிடும். அடர் நிறத்துக்குள் வெளிர் நூல் மறையும். வெள்ளைப் பாய்க்குள்ளும் வெளிர் நீலம் அவ்வளவாகத் தெரியாது. நூலை இறுக்கி இழுக்காதீர்கள், படகு சுருங்கிவிடும்.

திரும்பும் வரிசையில் உள்பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்கும். அப்போது விட்டுச்செல்லும் நூலை உங்கள் பக்கமாகவே கொண்டுவர வேண்டும். மறந்தால் அது நல்ல பக்கத்தில் போய் நிற்கும்.

நான்காம் பகுதி: விண்மீன்

அடர் நீலத்துக்கு மாறி 48 வரிசை, முழுக்கச் சிங்கிள், 24 செ.மீ. உயரம். இதில் 48 விண்மீன்கள் பூக்க வேண்டும்.

விண்மீனை வெள்ளையில் பின்னலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் 48 புள்ளிக்கும் தொடக்கம், முடிவு என 96 நூல் முனைகள் உள்பக்கத்தில் நிற்கும். அவை குழந்தையின் முதுகை உறுத்தும். 96-ஐயும் ஒன்று விடாமல் பிடிப்பாகச் செருகுவதும் எளிதல்ல. படகு திரட்சியான உருவம். ஐந்து படகுக்கு 20 முனைகளோடு வேலை முடிந்துவிடுகிறது. விண்மீன் சிதறிக் கிடப்பது. சிதறிக் கிடப்பதற்கு நிறம் வேண்டாம், புடைப்பு போதும். அதே அடர் நீல நூலில் குமிழ்த் தையல் போட்டால் விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது வானம் முழுக்க மின்னும். உள்பக்கம் வழுவழுப்பாகவே இருக்கும்.

குமிழ் போடும் முறை: ஒரே கண்ணியில் 5 டபுள் தொடங்குங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் கடைசி இழுப்புக்கு முன் நிறுத்திவிடுங்கள். ஊசியில் 6 வளையம் சேரும். நூலைச் சுற்றி ஆறையும் ஒரே இழுப்பில் எடுங்கள். அடுத்த கண்ணியில் இறுக்கமாகச் சிங்கிள் போட்டால் குமிழ் எதிர்ப்பக்கம் துருத்தும். எதிர்ப்பக்கம் நல்ல பக்கமாக இருக்க வேண்டும் என்பதால், குமிழை எப்போதும் உள்பக்க வரிசையில்தான் போட வேண்டும். நம் கணக்கில் இரட்டைப்படை வரிசைகள் எல்லாம் உள்பக்க வரிசைகள்.

8, 24, 40-ஆம் வரிசைகள்: 6 சிங்கிள், ஒரு குமிழ், பிறகு 11 சிங்கிள், ஒரு குமிழ் என்று 9 முறை, கடைசியில் 6 சிங்கிள். வரிசைக்கு 10 குமிழ்.
16, 32-ஆம் வரிசைகள்: 12 சிங்கிள், ஒரு குமிழ், பிறகு 11 சிங்கிள், ஒரு குமிழ் என்று 8 முறை, கடைசியில் 12 சிங்கிள். வரிசைக்கு 9 குமிழ்.
மற்ற வரிசைகள் வெறும் சிங்கிள்.

ஓரமும் முனையும்

சந்தன நிறத்தில் நான்கு பக்கமும் 4 சுற்றுச் சிங்கிள் போடுங்கள். மூலையில் ஒரே கண்ணியில் 3 சிங்கிள். பக்கவாட்டில் சிங்கிள் வரிசைக்கு ஒரு தையல். டபுளில் தொடங்கும் அல்லது முடியும் வரிசையில் அந்த ஓரத்துக்கு இரண்டு. ஓரம் அலையலையாக நெளிந்தால் தையல் அதிகம், சுருங்கினால் குறைவு. தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டே போடுங்கள். அலைப் பகுதியில் ஓரமாக ஏற்றிவந்த நூல்களும் இந்தத் தையலுக்குள் போய்விடும்.

ஒவ்வொரு முனையையும் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். முடிச்சு உறுத்தும், துவைக்கத் துவைக்க அவிழவும் செய்யும். மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறக் கண்ணிகளுக்குள் ஒரு பக்கம் செருகி, திரும்பி மறுபக்கம் செருகி, மீண்டும் ஒருமுறை திருப்புங்கள். பருத்தி நூல் வழுக்கும். மூன்று திசை மாறினால்தான் நிற்கும்.

இப்போது பரிசோதனை. போர்வையை உள்பக்கம் மேலாக விரியுங்கள். ஊசியின் முனையை நான்கு விரற்கடைக்கு ஒருமுறை துணிமேல் மெல்ல உரசி இழுங்கள். எங்காவது ஒரு நூலுக்கு அடியில் மாட்டினால் அங்கே பிஞ்சு விரலும் மாட்டும். அந்த இடத்தை அதே நிற நூலால் ஒரு தையல் போட்டு அமர்த்துங்கள். இந்தச் சோதனையில் தேறாத போர்வையை, நல்ல பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யாருக்கும் கொடுக்கக் கூடாது.

பிறகு மென்மையான சோப்பில் ஒருமுறை துவைத்து, முறுக்காமல் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். ஈரப் பருத்தி கனமானது. கொடியில் தொங்கவிட்டால் சதுரம் நீண்டு கோணிவிடும்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியது

ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மென்பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. துணி நழுவி முகத்தை மூடினால் விலக்கிக்கொள்ளக் கைக்குழந்தைக்கு இயலாது. ஆகவே இந்தப் போர்வை, தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புறப் போட்டு விளையாடவிடவும், மடியில் போட்டுக்கொள்ளவும், வெளியே தூக்கிச் செல்லும்போது சுற்றிக்கொள்ளவும்தான். எப்போதும் ஒருவர் பார்வை அதன்மேல் இருக்க வேண்டும். தொட்டிலில் போர்த்திவிட்டு அடுக்களைக்குப் போகக் கூடாது. பரிசு கொடுப்பவர்கள் இதைக் கூச்சப்படாமல் சொல்லிக் கொடுங்கள். இளம் தாய்க்கு யாராவது எடுத்துச் சொல்லத்தானே வேண்டும்? பிள்ளை வளர்ந்து தவழும்போது, மணலையும் குமிழையும் விரலால் தடவித் தானே பாடம் படிக்கும்.

விற்பவர்களுக்கு ஒரு கணக்கு

போர்வையில் 120 வரிசை, வரிசைக்கு 121 கண்ணி, 14,520 கண்ணிகள். ஓரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 16,500. நிமிடத்துக்கு 12 கண்ணி போடும் கைக்கு 23 மணி நேரம். நூல் செருகுவதையும் துவைப்பதையும் சேர்த்து 25 மணி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும் கூலி 1,250 ரூபாய். நூலுக்கு 500 ரூபாய் ஆகியிருந்தால் அடக்கம் 1,750. இதற்குக் கீழே கேட்பவர், நூலுக்கு மட்டுமே காசு கொடுத்து உங்கள் உழைப்பை இனாமாகக் கேட்கிறார்.

ஆந்திராவின் கோதாவரிக் கரையில் உள்ள நரசப்பூர், குரோஷா லேஸ் பின்னுவதில் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மன் சமூகவியலாளர் ஆய்வு செய்து 1982-இல் நூலாக வெளியிட்டார். அந்தப் பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. அவர்கள் நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தார்கள். ஆனால் அது இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்யும் கைவேலை என்றே கருதப்பட்டதால் கூலி மிகக் குறைவாகவே இருந்தது என்று அவர் காட்டினார். "வீட்டில் சும்மா இருக்கும்போதுதானே பின்னுகிறாய்" என்ற பேச்சை நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். 16,500 கண்ணி சும்மா வராது. ஒரு சிறு நோட்டில் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் அன்றன்றே எழுதிவையுங்கள். கேட்பவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். போர்வையைத் திருப்பி உள்பக்கத்தையும் காட்டுங்கள். இவ்வளவு விலை எதற்கு என்ற கேள்விக்கு அந்த இரண்டும் பதில் சொல்லும்.

புதிதாகப் பழகுபவர்கள் முழுப் போர்வையில் இறங்க வேண்டாம். 31 செயின் போட்டு 30 கண்ணிச் சதுரம் ஒன்றில் ஒரே ஒரு படகும் அதற்கு மேல் மூன்று குமிழும் பின்னிப் பாருங்கள். முதல் வரிசையில் ஓரங்கள் 10, 11 என்று அமையும். மற்ற வரிசைகளை அதற்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கமும் மனத்துக்குப் பிடித்திருந்தால் போர்வைக்கான 122 செயினைத் தொடங்கலாம். அடுத்த பாடத்தில், இன்ஷா அல்லாஹ், மீந்த நூலில் குழந்தைத் தொப்பி பின்னுவதைப் பார்ப்போம்.